மேலே ஏறிவரும் பெயர்

மரியான் தாத்தாவின் அடக்க வீடியோவுக்குக் கீழே முதல் ஆளாக நின்றது லீலாபாய் டீச்சரின் பெயர். அங்கே நிற்க அந்தப் பெயருக்கு ஒரு நியாயமும் இல்லை. 'ஆழ்ந்த இரங்கல்' என்று இரண்டே சொல். ஒரு லைக் கிடையாது, ஒரு பதில் கிடையாது, அழுகிற பொம்மை முகம்கூடக் கிடையாது. குவைத்திலிருந்து பேரன் எழுதிய அரைப்பக்கக் கண்ணீர், நூற்றுக்கணக்கான இதயங்களைச் சுமந்துகொண்டு, அதற்குக் கீழே இரண்டாவதாக நின்றது. அஜிதா திரையை விரலால் கீழே இழுத்துவிட்டாள். வட்டம் சுற்றியது, நின்றது. முதலில் லீலாபாய் டீச்சர்தான்.

வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். அஜிதாவுக்கு இதுதான் வேலை. இராஜாக்கமங்கலத்தைச் சுற்றி இன்று யார் வீட்டில் மரிப்பு நடந்தாலும், பெட்டி வந்து இறங்கும் முன்னால் லிபினின் கேமரா வந்து இறங்கிவிடும். பிள்ளைகளில் பாதிப்பேர் துபாயிலும் மஸ்கட்டிலும் கிடக்கையில், அப்பனின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க அவர்களுக்கு வேறு வழி ஏது? படம் பிடிப்பது லிபின். வீட்டில் லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்து 'கடலோரம் லைவ்' பக்கத்துக் கமெண்டுகளை மேய்ப்பது அஜிதா. இடையில் புகுந்து விளம்பரம் போடுகிறவனைத் தூக்க வேண்டும். 'சவுண்டு வரல' என்று கத்துகிற அமெரிக்காக்காரனைச் சமாதானப்படுத்த வேண்டும். பெட்டியைத் தூக்குவது யார் என்று தொடங்கி, வேலித் தகராறு வரைக்கும் போகிற அண்ணன் தம்பிமாரைச் சத்தமில்லாமல் மறைக்க வேண்டும். மரிப்பு வீட்டில் கைகட்டி நிற்கிற பெரிய மனிதர்களெல்லாம் கமெண்டுக்கு வந்தால் அவிழ்த்துவிட்ட மாடுதான். அதைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பாகக்கூட இருக்கும்.

அன்று சிரிப்பு வரவில்லை. லிபினைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, மரியான் தாத்தா வீடியோவுல கமெண்ட் எல்லாம் தப்பா அடுக்கி இருக்கு. ஒரு லைக்கும் இல்லாதது மேல நிக்குது."

"ஏட்டி, லைக்க மட்டும் வச்சு அது அடுக்காது. எத்தன பதில் வந்திருக்குன்னு பாக்கும். திட்டுனானா, கும்பிட்டானான்னெல்லாம் மிசினுக்குக் கணக்கு இல்ல. பதில் வந்தா மேல தூக்கும். நீ ஒண்ண வாசிச்சிட்டு அதுமேல விரல நிறுத்தி வச்சிருந்தியானா அதையும் சேத்துக்கிடும்."

"சும்மா பாக்குததுக்குமா?"

"பாக்குததுக்கும்தான். பாக்கப் பாக்க அது ஏறும். பின்ன, ஒவ்வொருத்தன் போனுலயும் ஒவ்வொரு மாதிரி அடுக்கும். ஒனக்கு மேல நிக்கது எனக்கு நிக்காது."

"இப்ப ஒங்க போனுல எது நிக்குது?"

அவன் பார்க்கிற நேரத்தில் காற்று அவள் வீட்டு ஓட்டைத் தூக்கித் தூக்கி வைத்தது. ஆனி மாதம். கடல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்து அடித்துக்கொண்டிருந்தது.

"லீலாபாய் டீச்சர்," என்றான் லிபின். பிறகு, "மிசினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கும், விடு," என்றான்.

அவள் விடவில்லை. பக்கத்து அறைக்குப் போய் மாமியாரின் போனை வாங்கிப் பார்த்தாள். நேசம்மாள் இன்னும் போனுக்குப் புதுசு. மகன் டெல்வின், அஜிதாவின் கணவன், மீன்பிடி லாஞ்சு வேலைக்குப் போன பஹ்ரைனிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. ஆள்காட்டி விரல் நகத்தால் எழுத்துக்கு எழுத்துத் தட்டித் தட்டி எழுதுவாள். டக், டக் என்று அந்தச் சத்தம் நாள் முழுக்க வீட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும். எழுதுவது ஒரே சொல்தான்: ஆமென். எங்கே எவர் ஜெபம் என்று போட்டிருந்தாலும் ஆமென் போடாமல் மாமி தாண்டமாட்டாள். ஒருத்தர் ஜெபம் சொல்லி, மறுமொழி சொல்ல ஆளில்லாமல் அது அந்தரத்தில் நிற்பது பாவம் என்பது அவள் எண்ணம். அந்தத் தெருவுக்கே அந்த எண்ணம்தான்.

மாமியின் போனிலும் முதலில் லீலாபாய் டீச்சர் நின்றார்.

அந்த வாரத்திலேயே டீச்சர் மரித்துப்போனார். கொட்டாரத்தில் மகள் வீட்டில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்தவர் எழும்பவில்லை. வயதும் இருந்தது, சர்க்கரையும் இருந்தது. யாருக்கும் ஒரு கேள்வியும் எழவில்லை. அஜிதாவுக்கும் எழவில்லை. லிபின் கேமராவைத் தூக்கிக்கொண்டு கொட்டாரம் போனான். அவள் லேப்டாப்பைத் திறந்தாள். ஆலயத்தில் பாடியது சின்ன ஸ்பீக்கர் வழியாக நசுங்கி வந்தது. லைவ் முடிந்து கமெண்டுகள் தானாக ஒழுங்குக்கு வந்தபோது, மேலே ஒரு பெயர் வந்து நின்றது.

ராஜகுமார். 'டீச்சர் அடிச்ச அடி இன்னும் மறக்கல.' ஒரு லைக் இல்லை. ஒரு பதில் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு மரியான் தாத்தா வீடியோ ஞாபகம் வந்தது.

பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். மரியான் தாத்தாவுக்கு முன்னால் நடந்த அடக்கம். அதில் முதலில் நின்றது மரியான் தாத்தாவின் பேரன் அவருக்காகப் போட்டுக்கொடுத்த கணக்கு. கைகூப்பிய பொம்மை மட்டும் இருந்தது. அதற்கும் முன்னால் நடந்த அடக்கம். அதில் முதலில் நின்றவரை அதற்கு அடுத்த வீடியோவில் பெட்டிக்குள் பார்த்தாள். ஒரு மரிப்பில் வருத்தம் சொன்னவர் அடுத்த மரிப்பில் படுத்துக் கிடந்தார். எல்லாவற்றையும் அவள்தான் மேய்த்திருந்தாள். குப்பையைத் தூக்கி, சண்டையை மறைத்து, சுத்தமாக வைத்திருந்தாள். இதைப் பார்க்கவில்லை. 

ராஜகுமார் வெளியாள் இல்லை. பூதப்பாண்டிக்காரன், டெல்வினோடு ஐடிஐ படித்தவன், டாக்சி ஓட்டுகிறவன். டெல்வின் லீவுக்கு வந்தால் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிவருவதும், லீவு முடிந்தால் கொண்டுபோய் விடுவதும் அவன் வண்டிதான். அவள் உடனே விளித்தாள்.

"ராஜண்ணே, சொகமா இருக்கீங்களா?"

"என்ன தங்கச்சி, அதிசயமா விளிக்க? டெல்வின் வாரானா?"

"இல்ல. சும்மாதான். வண்டிய மெதுவா ஓட்டுங்க. மழையா இருக்கு."

"நான் எங்க ஓட்ட? ஆலமரத்துக்குக் கீழ நிறுத்திட்டு ஒறங்கிட்டு இருக்கேன்." அவன் சிரித்தான். பின்னால் இன்ஜின் ஓடுகிற சத்தம் கேட்டது.

போனை வைத்துவிட்டு அவள் தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தாள். அந்தக் கமெண்டை நீக்கினாள். உறுதியா என்று அது கேட்டது. உறுதி என்று தட்டினாள். பெயர் மறைந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு லிபின் கூப்பிட்டான். ராஜகுமார் வண்டியிலேயே இருந்து மரித்துப்போனான் என்றான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததாம், வைப்பர் ஆடிக்கொண்டிருந்ததாம். தட்டிப் பார்த்தவர்கள் உறங்குகிறான் என்று நினைத்துக் கொஞ்சநேரம் விட்டுவிட்டார்களாம்.

அவள் டீச்சரின் வீடியோவைத் திறந்தாள். நீக்கிய இடத்தில், எல்லாவற்றுக்கும் மேலே, ராஜகுமாரின் பெயர் திரும்ப வந்து நின்றது. பெயருக்குக் கீழே எழுதியிருந்த சொற்களை மட்டும் காணவில்லை.

ராஜகுமாரின் அடக்கத்தை அவள் பார்க்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து வைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காது மட்டும் கேட்டது. செருப்புச் சத்தம், நாற்காலி இழுபடுகிற சத்தம், அவன் மனைவி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிற சத்தம். மழை ஈரத்தில் கசங்கிய பிச்சிப்பூ வாசமும், பெட்டியில் அடித்த புது வார்னிஷ் வாசமும் வந்தன. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. அக்கம்பக்கத்தில் மரிப்பு இல்லை. லேப்டாப்பிலிருந்து வாசம் வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் டெல்வினின் குரல் வந்தது, வாட்ஸ்அப்பில். "ஏட்டி, ராஜுவ நினைச்சா சோறு எறங்க மாட்டேங்குது. வரவும் முடியல. வீடியோவுக்குக் கீழ ஒண்ணு எழுதிப் போட்டேன். நாங்க இப்ப லாஞ்சுல போறோம். அங்க சிக்னல் கிட்டாது. கரைக்கு வந்ததும் விளிக்கேன், என்ன? அம்மைட்ட சொல்லு."

குரல் முடிந்தும் அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எழுதிப் போட்டேன் என்கிறான். அவள் திரும்பக் கூப்பிட்டாள். மணி அடிக்கவில்லை. 'அத அழிச்சிருங்க, ஒடனே அழிச்சிருங்க' என்று எழுதி அனுப்பினாள். ஒற்றை டிக் மட்டும் விழுந்தது.

வீடியோவைத் திறக்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

மேலே ராஜகுமாரின் தம்பி எழுதியது நின்றது, நிறைய இதயங்களோடு. அதற்குக் கீழே டாக்சி சங்கம். அதற்குக் கீழே யார் யாரோ. தள்ளிக்கொண்டே போனாள். வெகுதூரம் கீழே, ஒரு மூலையில், அவளுக்குத் தெரிந்த அந்தச் சின்னப் படம் கிடந்தது. கல்யாணத்தன்று எடுத்தது, படத்தின் ஓரத்தில் அவளுடைய தோள் கொஞ்சம் தெரியும்.

'ராஜூ, இனி என்னக் கூட்டிட்டுப் போவ யாருடா வருவா? சீக்கிரம் பாப்போம்.'

அவள் அதை வாசித்தாள். இன்னொருமுறை வாசித்தாள். கீழேதான் கிடக்கிறது, கீழேயே கிடக்கட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். சோறு வடித்தாள். மாமிக்கு மாத்திரை கொடுத்தாள். திரும்ப எடுத்துப் பார்த்தாள்.

டாக்சி சங்கத்துக்குச் சற்றுக் கீழே டெல்வின் வந்து நின்றான்.

வைத்துவிட்டாள். துணியை மடித்தாள். மடித்ததை உதறித் திரும்ப மடித்தாள். எடுத்தாள். இன்னும் மேலே வந்திருந்தான். லைக் இல்லை, பதில் இல்லை. அப்படியானால் எதற்காக ஏறுகிறான்? லிபின் சொன்னது அப்போதுதான் மண்டையில் இறங்கியது. பாக்கப் பாக்க அது ஏறும். அந்த வீடியோவைத் திறந்து திறந்து அவன் பெயர்மேல் விரலை நிறுத்தி வைத்துக்கொண்டிருந்தது அவள்தான்.

போனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள். பார்க்கக்கூடாது. பார்க்காமலும் எப்படி இருப்பது? ஏறியிருக்கிறானா என்று தெரியவேண்டும். தெரிந்துகொண்டால் ஏறிவிடுவான். வாசலுக்குப் போனாள், அடுக்களைக்குப் போனாள், கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் இறைக்காமல் திரும்பி வந்தாள். கால்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. பானைக்குள் போன் ஒருமுறை அதிர்ந்தது. அரிசி உரசுகிற சத்தம். மறுபடி அதிர்ந்தது.

"என்னட்டி இப்பிடி நடக்க?" என்று உள்ளேயிருந்து மாமி கேட்டாள். "வயிறு வலிக்கா?"

"ஒண்ணும் இல்ல மாமி."

டக், டக் என்று நகச்சத்தம் தொடர்ந்தது.

மறுநாள் காலையில் லிபினிடம் கெஞ்சினாள். "அண்ணே, அந்த வீடியோவ எடுத்திருங்க. ஒங்க கால்ல விழுதேன்."

"ஒனக்கு என்ன ஏட்டி ஆச்சு? அவன் பெஞ்சாதி அதத்தான் போட்டுப் போட்டுப் பாத்துட்டு இருக்கா. அத எடுத்தா அந்த வீட்டு முகத்துல நான் எப்பிடி முழிக்க?"

"டெல்வின் அத்தான் பேரு ஏறுது அண்ணே."

அவள் நடந்ததைச் சொன்னாள். லீலாபாய், ராஜகுமார், பழைய வீடியோக்கள், எல்லாம்.  லிபின் மெதுவாக, "பிடிக்கலன்னா கமெண்ட மட்டும் தூக்கு," என்றான்.

"ராஜண்ணனுக்குத் தூக்குனேன். அன்னைக்கு விளக்கு வைக்கதுக்குள்ள ஆளு போயாச்சு."

 "அப்பம் வேற ஒண்ண பின் பண்ணி மேல வையி. பின் பண்ணுனா அது அசையாது. மத்ததெல்லாம் அதுக்குக் கீழதான்," என்றான். குரலில் கிண்டல் இல்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

வேறு ஒன்று. யாருடையதை? பட்டியலில் விரல் இறங்கிப் போனது. ஞானபாய் பாட்டியின் பெயர் வந்தது. படுக்கையில் கிடக்கிறவர், மூன்று தலைமுறை கண்டவர். பேத்தி அவருக்காக எழுதிப் போட்டது. விரல் அங்கே நின்றது. அழுத்திப் பிடித்தால் போதும், பின் என்ற சொல் வந்துவிடும். வந்தேவிட்டது. அஜிதா கையை உதறி, சுட்டுக்கொண்டவள் போல உள்ளங்கையைச் சேலையில் தேய்த்தாள். என்ன காரியம் செய்யப் பார்த்தேன் என்று அழுகை வந்தது. அழுதுகொண்டே இன்னும் தேடினாள். கடைசியில் முகமே இல்லாத ஒரு கணக்கு கிடைத்தது; சாம்பல் நிற வட்டம், பெயர் என்று சொல்ல முடியாதபடி எழுத்தும் எண்ணும். 'RIP' என்று போட்டிருந்தது. ஆளே இல்லாத ஒன்று எப்படிச் சாகும்? அதைப் பின் பண்ணினாள்.

சாம்பல் வட்டம் உச்சியில் போய் உட்கார்ந்தது. டெல்வின் அதற்கு அடுத்து நின்றான். ராஜகுமாரின் தம்பியின் இதயங்களெல்லாம் அவனுக்குக் கீழே போயிருந்தன.

பஹ்ரைனிலிருந்து விபின் கூப்பிட்டான். டெல்வினோடு அறையில் தங்கியிருக்கிறவன், வேறு லாஞ்சுக்காரன். "அக்கா, நாங்க கரைக்கு வந்தாச்சு. அவிய லாஞ்சு இன்னும் வரல. காத்து பலமா அடிக்கி. ஒண்ணும் இருக்காது. பயப்படாண்டாம்."

பயப்படாண்டாம் என்று ஒருவன் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் பயத்துக்கு முழு உருவம் வந்தது. போனைத் திரும்ப அரிசிக்குள் போட்டு மூடினாள்.

மத்தியானம் முழுக்க மழை. வீட்டுக்குள் உப்பு வாடையும் ஈரச் சாக்கு வாடையும். அவற்றுக்கு அடியில், லேசாக, பிச்சிப்பூவும் வார்னிஷும். இப்போது தூபத்தின் வாசமும் சேர்ந்திருந்தது. அவள் அடுக்களையில் மீனைப் பொரித்தாள். எண்ணெய்ப் புகை எழுந்தது. புகைக்குள்ளும் தூபம்தான் மணத்தது.

"மாமி, ஒங்களுக்கு ஏதாவது மணக்கா?"

"மீனு கரியுது மக்கா."

விளக்கு வைக்கிற நேரம் ஆனது. மாமி மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றினாள். டெல்வின் இன்னும் விளிக்கவில்லை என்பதை இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. ஜெபமாலை பாதியில் மாமியின் குரல் உடைந்தது. "மக்கா, அன்பியத்துல சொல்லு. எல்லாரும் வேண்டிக்கிடட்டும். நம்ம ரெண்டு பேரும் சொன்னா போதாது."

அன்பியம் என்றால் அந்தத் தெருவிலும் அடுத்த தெருவிலுமுள்ள வீடுகள். வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வார்கள். மற்ற நேரமெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் கூடி இருப்பார்கள். அஜிதாவுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. தனியாக எத்தனை நேரம்தான் இதைச் சுமப்பது? போனை அரிசிக்குள்ளிருந்து எடுத்துக் குழுவில் பேசினாள். "எல்லாரும் அத்தானுக்காக வேண்டிக்கிடுங்க. கடல்ல இருந்து இன்னும் வரல." அவ்வளவுதான் சொன்னாள். கமெண்ட் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

பதில்கள் பொழிந்தன. கைகூப்பிய பொம்மைகள், மாதாவின் படங்கள், ஆமென், ஆமென், ஆமென். அவளுக்கு நெஞ்சு இளகியது. எத்தனை பேர். நம்மைத் தாங்க இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்புறம் கிரேசி அக்காவின் குரல் வந்தது. அன்பியத்துக்குத் தலைவி, எந்தத் துக்கத்துக்கும் முதலில் கஞ்சியோடு வந்து நிற்கிறவள். "டெல்வின் தம்பி அவன் கூட்டாளி ராஜகுமாருக்காவ எழுதுனது இதுல கெடக்கு. அதுவும் ஒரு ஜெபந்தான். யாரும் ஒரு மறுமொழி போடல. அவன் வேண்டுனதுக்கு நாம மறுமொழி சொல்லாண்டாமா? எல்லாரும் இதுல போயி, அவன் எழுதுனதுக்குக் கீழ ஆமென் போடுங்க. அவன் வந்து பாக்கும்ப சந்தோசப்படட்டும்."

அதற்குக் கீழே வீடியோவின் இணைப்பு இருந்தது.

அஜிதா எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. 'போடாதீங்க' என்று எழுதினாள். 'யாரும் அதுல போடாதீங்க.' குழுவில் அவள் சொல்லை யாரும் நின்று வாசிப்பதற்குள் பத்து மாதாக்கள் வந்து அதை மேலே தள்ளி மறைத்தார்கள். கிரேசி அக்காவைக் கூப்பிட்டாள். லைன் பிஸி. அக்கா ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு ஆமென் போடச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

வீடியோவைத் திறந்தாள்.

'சீக்கிரம் பாப்போம்.'

ஆமென். ஆமென். ஆமென் சகோதரா. உமது சித்தம் ஆகட்டும் ஆமென். அப்படியே ஆகக்கடவது.

ஒவ்வொன்றாக வந்து அவன் பெயருக்குக் கீழே உட்கார்ந்தது. தெரிந்த முகங்கள். அவள் கல்யாணப் பந்தியில் பாயாசம் விளம்பியவர்கள். குவைத்திலிருந்து வந்தது, மஸ்கட்டிலிருந்து வந்தது. ஒருவர் பார்த்து ஒருவர். 'நிறுத்துங்க, தயவுசெய்து நிறுத்துங்க' என்று அங்கேயே எழுதினாள். அனுப்பியபிறகுதான் தெரிந்தது. அதுவும் ஒரு பதில். திட்டுனானா, கும்பிட்டானா, கணக்கு இல்ல. அழிக்கப் போனாள். அதற்குள் அதற்கு யாரோ பதில் போட்டிருந்தார்கள். 'அழாத மக்கா, ஆண்டவர் இருக்காரு. ஆமென்.'

உச்சியில் சாம்பல் வட்டம் ஒருமுறை மினுங்கியது. 'இந்தக் கமெண்ட் இப்போது இல்லை.'

டெல்வின் முதலில் வந்து நின்றான்.

கடல் சத்தம் நின்றதுபோல இருந்தது. இல்லை, நிற்கவில்லை. காது அடைத்திருந்தது. மெழுகுதிரி நேராக எரிந்தது, இத்தனை காற்றிலும். தூபம். பிச்சிப்பூ. வார்னிஷ். வீடு முழுக்க. அவள் வாசலைப் பார்த்தாள். ரோட்டில் யாரும் இல்லை. மழை மட்டும்.

பக்கத்து அறையில் நகச்சத்தம் கேட்டது.

டக். டக்.

"மாமி," என்றாள்.  "மாமி, என்ன எழுதுதீங்க?"

"கிரேசி சொன்னால்லா மக்கா," என்றாள் நேசம்மாள் உள்ளேயிருந்து. "எம்புள்ளைக்கு நான் போடாண்டாமா?"

டக். டக். டக்.

"போடாதீங்க மாமி!"

கையில் போன் அதிர்ந்தது. அறிவிப்பு. 'கடலோரம் லைவ்' இப்போது நேரலையில். தலைப்பில் டெல்வின் என்ற பெயர், கல்யாணத்தன்று எடுத்த அதே படம். அவளுடைய தோள் மட்டும் அதில் இல்லை. லிபினைக் கூப்பிட்டாள். "லைவா? நான் வீட்டுல சோறு தின்னுட்டு இருக்கேன் ஏட்டி. கேமரா பையிலதான் இருக்கு," என்றான்.

திறந்தாள்.

அவள் வீட்டு ஹால். அவள் நிற்கிற ஹால். சுவரோரமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். நடுவில் வெள்ளைத் துணி விரித்த மேசை. மேசையில் பெட்டி இல்லை. பெட்டிக்கான இடம் மட்டும் இருந்தது, நீளமாக. அதைச் சுற்றிப் பூ. கடல் கொண்டுபோனவனுக்குப் பெட்டி எதற்கு? அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். நிஜத்தில் ஹால் காலியாகக் கிடந்தது, விழுந்த நாற்காலி ஒன்றோடு.

போனைப் பார்த்தாள். கமெண்டுகள் வரத் தொடங்கியிருந்தன. அடுக்கு மாறி மாறி, ஏறி, இறங்கி, பிறகு அசையாமல் நின்றது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரே சொல். ஆமென். ஒரு லைக் இல்லை. ஒரு பதில் இல்லை. பக்கத்தில் ஒரு சின்னப் படம். போன ஈஸ்டருக்கு அவளே எடுத்துக்கொடுத்தது. வெள்ளைச் சேலை. மூக்குக்கண்ணாடி. நேசம்மாள்.

பக்கத்து அறையில் நகச்சத்தம் நின்றிருந்தது.

"மாமி?"

மழை.

"மாமி?"

விரலை எடுக்கவேண்டும். அந்தப் பெயர்மேலிருந்து விரலை எடுக்கவேண்டும். அஜிதாவின் கட்டைவிரல் அங்கேயே நின்றது.